கூட்டுச் சைக்கிள் பயணத்தில் பொறுப்பு யாருடையது?



நம் நாட்டின் பெருநகரங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் ஒரு காட்சியை இப்பொழுது காண்கிறோம். இருபது பேர், முப்பது பேர், சில சமயம் நூற்றுக்கணக்கானோர் தலைக்கவசம் அணிந்து அணி அணியாகச் சைக்கிளில் செல்கின்றனர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. அரசு ஊழியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் இதில் கலந்துகொள்கின்றனர். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலரும் இத்தகைய கூட்டங்களில் சேர்ந்துவருவது மகிழ்ச்சிக்குரியது. வேற்றூரில் குடியேறியவர்களுக்கு அவ்வூரின் சாலைகள் பழக்கமாவதற்கும், மொழி சரிவரத் தெரியாத நிலையிலும் நண்பர்களைத் தேடிக்கொள்வதற்கும் இதைக் காட்டிலும் மலிவான வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து கிலோமீட்டர் சுற்றிவந்து இட்டலி சாப்பிட்டு வீடு திரும்புவதோடு நின்றுவிட்டால் இன்று நான் பேசுவதற்கு விஷயமே இல்லை. ஆனால் ஆசை வளரும் தன்மையுடையது. அடுத்த மாதம் நூறு கிலோமீட்டர். அதற்கடுத்த பருவத்தில் பெங்களூரிலிருந்து நீலகிரிச் சுற்று. பிறகு மணாலியிலிருந்து லே நகரம்! அப்பொழுதுதான் ஒரு கேள்வி எழுகிறது. நடுவழியில் சைக்கிள் பழுதடைந்தால் அதைச் சீர்செய்வது யாருடைய கடமை? பயணத்தை ஏற்பாடு செய்தவருடையதா? பணம் கட்டிச் சேர்ந்தவருடையதா? உடன் வரும் மெக்கானிக்குடையதா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் இதைப் புறப்படுமுன் தீர்த்துக்கொள்ளாத காரணத்தால் நட்பு முறிவதும் உண்டு. எலும்பு முறிவதும் உண்டு.

நம் ஊர்களில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த கடைகள் நினைவிருக்கலாம். கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். எழுதாத சட்டம் ஒன்று அங்கே பெரும்பாலும் வழங்கிவந்தது. நம்மிடம் இருந்த நேரத்தில் பஞ்சர் ஆனால் ஒட்டும் கூலி நம்முடையது. பழைய அச்சு முறிந்தாலோ செயின் தேய்ந்து அறுந்தாலோ அது கடைக்காரர் பாடு. அதாவது, சாலையால் நேர்ந்த கேடு ஓட்டியவனைச் சேரும். பராமரிப்புக் குறைவால் நேர்ந்த கேடு சைக்கிளின் சொந்தக்காரரைச் சேரும். அரையணா வாடகைக்கு ஏற்பட்ட இந்தப் பாகுபாடு எவ்வளவு நியாயமானது என்பதைப் பிற்காலத்தில் பெரிய பெரிய ஒப்பந்தப் படிவங்களை மொழிபெயர்க்கும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இன்றைய கூட்டுப் பயணங்களில் நாம் செல்வது பெரும்பாலும் நம் சொந்தச் சைக்கிளில். ஆகவே பராமரிப்புக் குறைவு என்பது முழுக்க முழுக்க நம்மைச் சேர்ந்தது. உடன் வரும் மெக்கானிக், சாலை செய்த கேட்டைச் சரிசெய்ய வருகிறவர். நாம் வீட்டில் செய்யாமல் விட்ட வேலையைச் செய்ய வருகிறவர் அல்லர். இந்த ஒன்றை மறந்துவிட்டு, 'மெக்கானிக்தான் வருகிறாரே' என்று ஆறு மாதம் தாழ்வாரத்தில் தூசி படிந்து நின்ற சைக்கிளை அப்படியே துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பது பேருக்கு ஒரு மெக்கானிக் என்றால், புறப்படுமுன்பே ஐந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் பிரேக் கட்டை மாற்றச் சொல்லியும், ஒருவர் சக்கரத்தின் கோட்டம் எடுக்கச் சொல்லியும் நின்றால், மற்ற முப்பத்தைந்து பேரும் வெயில் ஏறும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு, உண்மையாகவே முள் குத்தி வழியில் நிற்கும் ஒருவருக்கு உதவ அவர் எங்கோ பின்தங்கியிருப்பார்.

பிறருக்கு நேரும் தாமதம் இதில் சிறிய தீங்கே. பெரிய தீங்கு பிரேக்கில் இருக்கிறது. தனியே செல்கிறவனுடைய பிரேக் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் அவன்தான் விழுவான். கூட்டத்தில் முன்சக்கரத்துக்கும் முன்னே செல்பவரின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. அங்கே ஒருவருடைய பிரேக் தவறினால் நான்கைந்து பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவர். எனவே கூட்டுப் பயணத்தில் என் சைக்கிளின் பிரேக் என்னுடைய சொந்த விஷயம் அன்று. பிரேக் சரியில்லாத சைக்கிளைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்திவிடும் அதிகாரம் ஏற்பாட்டாளருக்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாறு நிறுத்தப்பட்டவர் முகம் சுளிக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்கட்டும்.

சைக்கிள் பந்தய வரலாற்றில் இந்தப் பொறுப்பை அளவுக்கு மீறி வற்புறுத்திய காலமும் இருந்தது. பிரான்ஸ் தேசத்துச் சுற்றுப் பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் பழுதானால் பந்தய வீரரே தம் கையால் சரிசெய்துகொள்ள வேண்டும், பிறர் தொடக்கூடாது என்பது விதி. 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் பிரெனீஸ் மலைத்தொடரிலுள்ள டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, அவருடைய சைக்கிளின் முன்பக்கத்து ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான மலைவழியைக் காலால் நடந்து, அடிவாரத்துக் கிராமத்தின் கொல்லன் பட்டறையை அடைந்தார். கொல்லர் வழி சொல்லலாம், கை வைக்கக்கூடாது. பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவரே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைப் பொருத்தினார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அந்த உதவிக்காக அவருக்குப் பத்து நிமிடம் தண்டனை விதித்தார்கள்! பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது என்பர். எப்படியும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை இழந்துவிட்டவருக்கு மூன்று நிமிடம் ஏது, பத்து நிமிடம் ஏது? ஆயினும் அவர் அந்தப் பந்தயத்தைக் கைவிடவில்லை. பாரிஸ் வரையில் சென்று முடித்தார். 1919-ஆம் ஆண்டில், முதல்வருக்குரிய மஞ்சள் சட்டையை முதன்முதல் அணிந்தவரும் இவரே. அந்த ஆண்டிலும் பந்தயம் முடியும் தறுவாயில் அவருடைய ஃபோர்க் மறுபடியும் முறிந்தது.

இக்காலத்தில் அதே பந்தயத்தில் ஒவ்வோர் அணியின் பின்னாலும் மாற்றுச் சக்கரங்களும் மாற்றுச் சைக்கிள்களும் ஏற்றிய மோட்டார் வண்டி வருகிறது. எந்த அணியையும் சேராத பொதுவான உதவி வண்டியும் உண்டு. வீரர் கையை உயர்த்தினால் போதும். சில விநாடிகளில் சக்கரம் மாறிவிடும். நம்மவர் பலர் தொலைக்காட்சியில் இதைப் பார்த்துவிட்டு, பணம் கட்டிய கூட்டுப் பயணத்திலும் இவ்வாறே நடக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். கையை உயர்த்துகின்றனர், யாரும் வருவதில்லை, பிறகு சண்டை வருகிறது.

பழைய விதியின் நல்ல அம்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றும் நடைபெறும் ஒருவகைப் பயணம் உண்டு. பிரெஞ்சுப் பெயராகிய 'பிரவே' என்பதாலேயே அதை இந்தியாவிலும் வழங்குகின்றனர். பாரிஸ் நகரத்து ஆடாக்ஸ் கழகம் 1921-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் முறை இது; நம் நாட்டின் பல நகரங்களிலும் இப்பொழுது நடைபெறுகிறது. இது பந்தயம் அன்று; முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். ஆனால் சொந்தக்காரர்களுடைய மோட்டார் வண்டி பின்தொடர்ந்துவந்து உதவக்கூடாது. குறிப்பிட்ட சோதனை நிலையங்களில் மட்டுமே அத்தகைய உதவியைப் பெறலாம். வழியில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள சைக்கிள் கடையில் பழுது பார்த்துக்கொள்ளலாம். உடன் செல்லும் மற்றொரு பயணி உதவினாலும் குற்றம் இல்லை. துருத்தி ஊதிய சிறுவனைத் தண்டிக்காத விதி இது. நீண்ட பயணம் பழக விரும்புவோர் வண்டியும் மெக்கானிக்கும் உள்ள சுற்றுகளுக்குச் செல்லுமுன் ஒரு 200 கிலோமீட்டர் பிரவே சென்றுவருவது நல்லது. தம் சைக்கிளைப் பற்றித் தமக்கு என்ன தெரியாது என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

இனி, படிவத்தின் விஷயத்துக்கு வருகிறேன். எத்தகைய கூட்டுப் பயணத்தில் சேர்ந்தாலும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகின்றனர். தில்லியில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சில இடங்களில் இந்தியில் இருக்கும். நம்மவர்களில் பலர் படிக்காமலே கையெழுத்திடுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அப்படிவங்களில் 'உதவி வண்டி உண்டு' என்று ஒரு வாக்கியம் காணப்படும். ஆங்கிலத்திலும் சரி, இந்தியிலும் சரி, 'உதவி' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து பொருள்கள் அடங்கும். தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுவருவதும் உதவி. களைத்தவரை ஏற்றிச்செல்வதும் உதவி. சைக்கிளைப் பழுது பார்ப்பதும் உதவி. ஏற்பாட்டாளர் முதலிரண்டை நினைத்து எழுதியிருப்பார். நாம் மூன்றாவதை நினைத்துப் பணம் கட்டியிருப்போம். ஆகவே கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும். வண்டியில் மெக்கானிக் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் அவர் கூலி கட்டணத்தில் அடக்கமா? டியூபும் செயினும் போன்ற உறுப்புகளுக்கு விலை தனியா? பழுது பார்க்க முடியாவிட்டால் என்னையும் சைக்கிளையும் எதுவரையில் ஏற்றிச்செல்வார்கள்? வரிசையின் கடைசியில் வண்டி வருமா, அல்லது அடுத்த தங்குமிடத்தில் காத்திருக்குமா? கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஏற்பாட்டாளருக்கும் இது நன்மையே. 'பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, விளம்பரத்தில் மெக்கானிக்கின் படத்தைப் பெரிதாகப் போடுவது நேர்மை ஆகாது.

வாடகைக்குச் சைக்கிளையும் சேர்த்துத் தரும் பயணங்கள் உண்டு. அங்கே பழைய வாடகைக் கடைச் சட்டமே பொருந்தும். ஆனால் சைக்கிளைக் கையில் வாங்கும்போதே, ரிம் நெளிந்திருந்தால், கியர் விழாவிட்டால், டயரில் வெடிப்பு இருந்தால், அதை ஏற்பாட்டாளரின் ஆளுக்குக் காட்டிப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பிரேக் பிடிகளில் எது முன்சக்கரத்துக்கு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். சரிவில் இறங்கும்போது தெரிந்துகொள்வது தாமதம்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை என்ன? பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே அதைச் செய்துவிட வேண்டும். முதல் நாள் இரவு வைத்துக்கொண்டால் கடை மூடியிருக்கும். பிரேக் பிடியை முழுவதும் அழுத்தினால் அது கைப்பிடியைத் தொடக்கூடாது. பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். தட்டுப் பிரேக் உள்ள சைக்கிளாயின் அத்தட்டில் எண்ணெய் படவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று பிரேக்கைக் கெடுத்துக்கொள்கிறவர் உண்டு. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால், ஹாண்டிலின் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா என்பது கைக்குத் தெரியும். ஆட்டம் இருந்தால் கடைக்குச் செல்ல வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தால் கோட்டம் தெரியும். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

செயின் தேய்வதை அறியச் சாதாரண அளவுகோலே போதும். செயினின் ஆணிகளுக்கு இடையே உள்ள தூரம் அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்துநான்காவது இடைவெளியின் முடிவிலுள்ள ஆணி வரையில் அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீளும் வரையில் விட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பன்மடங்காகும். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். விரலால் அழுத்திப் பார்த்து மதிப்பிடுவது மெல்லிய டயர்களுக்கு உதவாது.

கையோடு கொண்டுசெல்ல வேண்டியவை அதிகம் அல்ல. தம் சக்கரத்தின் அளவுக்குரிய இரண்டு டியூபுகள், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சொலூஷனும் உப்புத்தாளும் ஒட்டுத் துண்டுகளும், கைப்பம்பு, அறுகோணச் சாவிகள், செயின் இணைக்கும் கண்ணி ஒன்று, பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. டயர் கிழிந்துவிட்டால் இந்தத் துண்டை உள்ளே வைத்து ஓட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நோட்டை நான்காக மடித்து வைத்தும் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். தில்லியின் ரிட்ஜ் காட்டுப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவோருக்கு இது மிகவும் பயன்படும். அங்கே 'விலாயதி கீகர்' என்று இந்தியில் வழங்கும் முள்மரம் வேறொன்றும் அன்று. நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலமே! சொந்த ஊர் முள்ளே இங்கும் வந்து நம்மைக் குத்துகிறது. டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்து முள்ளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் புது டியூபும் பத்தடியில் போகும்.

டியூபின் வால்விலும் ஒரு கவனம் வேண்டும். நம் பழைய கறுப்புச் சைக்கிள்களில் உள்ள வால்வு ஒருவகை; மோட்டார் டயரில் உள்ளது போன்றது மற்றொருவகை; பந்தயச் சைக்கிள்களின் மெல்லிய நீண்ட வால்வு மூன்றாவது வகை. இந்த மூன்றாவதற்குச் சாலையோரக் கடையின் பம்பு பொருந்தாது. பித்தளையில் செய்த சிறிய இணைப்புக் குமிழ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம்.

விலையுயர்ந்த சைக்கிளில் வருகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளில் தினமும் வேலைக்குச் செல்லும் நம் தொழிலாளத் தோழர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு வருகின்றனர். உதவி வண்டிகளில் அவர்களுடைய டயருக்குரிய டியூப் பெரும்பாலும் இருப்பதில்லை. இது வருந்தத்தக்கது. இரண்டு டியூபும் சில பிரேக் கட்டைகளும் வைத்துக்கொள்வதால் ஏற்பாட்டாளருக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. மற்றோர் உண்மையும் உண்டு: பெரிய சைக்கிளின் கியர் தாங்கும் உறுப்பு வளைந்தால் அடுத்த நகரம் வரையில் பயணம் நின்றுபோகும், கறுப்புச் சைக்கிளுக்கோ உத்தரப் பிரதேசத்துக் கிராமச் சந்தியிலும் மருந்து கிடைக்கும். அங்கே சில சொற்கள் தெரிந்திருந்தால் போதும். சக்கரக் கம்பி அங்கே 'தீலி', ஃபோர்க் 'சிம்டா', பேரிங் குண்டு 'சர்ரா', உட்காரும் சீட்டு 'கத்தி'. இக்கடைசிச் சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

மலைப் பயணங்களில் நிலைமை முற்றும் வேறு. நீலகிரியில் மசினகுடியிலிருந்து உதகைக்குக் கல்லட்டி வழியாக ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பெங்களூரிலிருந்து 2008-இல் தொடங்கிய நீலகிரிச் சுற்றில் மெக்கானிக்குகளும் உதவி வண்டிகளும் உடன் செல்கின்றனர். அங்கேயாவது இருபது கிலோமீட்டரில் ஓர் ஊர் வரும். மணாலி–லே வழியில் தார்ச்சாவைத் தாண்டினால் ரும்ட்ஸே வரையில் சுமார் 250 கிலோமீட்டருக்கு நிலையான கிராமம் கிடையாது. சர்ச்சுவிலும் பாங்கிலும் உள்ளவை கோடைகாலக் கூடாரங்களே. இடையே 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட தங்லங் லா கணவாய் இருக்கிறது. இங்கே மெக்கானிக்கும் வண்டியும் இல்லாமல் அனுபவமற்றவர்களை அழைத்துச்செல்வது தவறு. அன்றியும், மெக்கானிக் இருந்தாலும் அவரிடம் உள்ள உறுப்புகளே உண்டு. நம் சைக்கிளின் மாதிரிக்கே உரிய கியர் தாங்கி போன்றவற்றை நாமே கொண்டுசெல்ல வேண்டும். என்ன சைக்கிள், என்ன ஆண்டு மாதிரி என்பதை முன்கூட்டியே அவருக்கு எழுதிவிட்டால் அவரும் ஆயத்தமாக வருவார். நீண்ட சரிவுகளில் ரிம்மில் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். இதை எந்த மெக்கானிக்கும் நமக்காகச் செய்ய முடியாது.

வெளியூரில் தொடங்கும் பயணத்துக்குச் சைக்கிளை இரயிலில் பார்சலாகப் பதிவு செய்து அனுப்புவோர், பெடல்களைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பிக் கட்டி அனுப்புகின்றனர். இடப்பக்கத்துப் பெடலின் மரை தலைகீழானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மற்ற திருகுகளைப் போலன்றி, கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் அது கழலும். போய் இறங்கியதும் பெடல்களையும் ஹாண்டிலையும் மீண்டும் பூட்டி, பார்சல் அலுவலக வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, தளர்ந்த திருகுகளை மறுமுறை இறுக்கிக்கொள்ள வேண்டும். புறப்படுவது மறுநாள் விடியற்காலை என்றால், முந்திய நாள் பகலிலேயே அவ்வூர் போய்ச் சேரும் இரயிலில் இடம் பதிவு செய்துகொள்வது நலம்.